நகர் நகராது

"நகர்ந்துகொண்டே இருப்பதால் அது நகரம்" என்று ஈப்போ மேடைகளில் யாராவது முழங்கிவிடுகிறார்கள், கைதட்டலும் விழுகிறது. ஓசை ஒத்தால் வேரும் ஒன்றா? அப்படியானால் பத்து காஜாவை, சட்டைக்குப் பத்துக் காஜா எடுத்த தையற்காரர் ஊர் என்றும் சாதிக்கலாம். மலாயில் பத்து என்பது கல், காஜா என்பது யானை.

சங்க நூல்களைப் புரட்டுங்கள். அகநானூறு 136இல் மணத்துக்குப் புனையப்படும் நகர், வீடு. புறநானூறு 6இல் காரிகிழார் முதுகுடுமியை வலம்வரச் சொல்லும் நகர், சிவன் கோயில். வீட்டையும் கோயிலையும் நகர்த்தியவர் யார்? சுடு, சுடர், தொடு, தொடர், அவ்வாறே நகு, நகர். நகுதல் ஒளிர்தலுமாகும், நகைக்கும் அதுவே வேர். சுதை பூசி ஒளிர்ந்த மாளிகையே நகர். ஊரைக் குறித்தது அதன் விரிவு.

வடமொழி இலக்கணிகள் 'நக' என்பதிலிருந்து நகரத்தைப் பெறுவர். நக என்றால் நகராதது, மலை. நம் மேடைக்காரருக்கு நகர்வது, அவர்களுக்கு நகராதது! இரண்டும் வேண்டாம்.

வீடுகள் கூடிச் சிற்றூர், சிற்றூர்கள் கூடி நகரம் என்றார் அரிஸ்டாட்டில். அவர் நூலில் விளக்கியதை நம் சொல் தானே செய்துகாட்டுகிறது. சோழர் கல்வெட்டில் நகரம் வணிகர் அவை. மலாயில் அது நெகிரியாகி மாநிலமாயிற்று, நெகாராவாகி நாடாயிற்று.

பத்து காஜா அருகே ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் இறந்ததால் முற்றுப்பெறவில்லை. தமிழ்த் தொழிலாளருக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில் சாமி சிலைகளுக்கிடையே அவர் உருவமும் நிற்கிறது. பழம்பொருளில் இரண்டுமே நகர்தான். பாட்டாளி இருந்ததோ லயம். அதைக் குதிரை லாயத்தோடு முடிச்சுப்போடுவோர் உண்டு; வீண்வேலை. ஆங்கில 'லைன்' அது, வரிசை வீடு.

நகர்ந்தவர்கள் அந்த லயத்து மக்கள். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தப் பெயர்ச்சியைத் தடுக்கத்தான். பிறகு பலர் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோனார்கள். மலாயில் தாமானும் தோட்டமே! பால்மரம் மட்டும் இல்லை. இந்தப் பெயர்ச்சியை நகரத்தின் இயல்பென்று சொல்வது, விரட்டியவனுக்குச் சொற்பிறப்புச் சான்றிதழ் எழுதித்தருவது.

நகரம் இருப்பு, ஓட்டமன்று. ஒளியுள்ள வீடு, வலம்வரக் கோயில், கூடிப்பேச அவை: இவை இருந்தால் இருபது குடும்பமும் நகரம், இல்லையேல் கோலாலம்பூரும் நீண்ட லயமே. மறுப்பவர் சங்கப் பாட்டோடு வரட்டும், மேடையோடு வேண்டாம்.