5 மில்லிமீட்டர் கம்பி: அமெரிக்க மாதிரி ரயிலும் பிரேக்மேன்களின் விரல்களும்

வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுற நான் இன்னைக்கு ரயில் பொம்மை பத்தி எழுதப்போறேன். நீளமான இழை. பொறுமையா படிங்க, நடுவுல ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வருவோம்.

என் மேசை மேல ஒரு சரக்குப் பெட்டி இருக்கு. அமெரிக்காவுல ஓடின 40 அடி பாக்ஸ் காரோட மாதிரி. எச்ஓ அளவு, அதாவது நிஜப் பெட்டியில 87-ல் ஒரு பங்கு. நீளம் 14 சென்டிமீட்டர்தான். இதோட சுவர் ஓரத்துல ஏணிப்படி மாதிரி சில கைப்பிடிக் கம்பிகள் இருக்கும். அமெரிக்க ரயில்காரங்க அதை கிராப் அயர்ன்னு சொல்வாங்க. இந்த இழை முழுக்க அந்தக் கம்பியைப் பத்தித்தான்.

1950-களுக்கு முன்னாடி மாதிரிப் பெட்டின்னா மரமும் தகரமும். வாங்கிட்டு வந்து அறுத்து, ஒட்டி, நாமே கட்டணும். ஏத்தர்ன் மாதிரியான கம்பெனிகள் பிளாஸ்டிக் அச்சுக்கு வந்த பிறகு வேலை சுலபமாச்சு. நீல டப்பாவுல வரும், அரைமணி நேரத்துல பெட்டி தயார். டப்பாவைக் குலுக்கினாலே தானா சேர்ந்துக்கும்னு கிண்டல் பண்ணுவாங்க. விலையும் குறைவு, அதனால நிறைய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனா சுவர், ஏணி, கைப்பிடி எல்லாம் ஒரே வார்ப்பு. கைப்பிடிக் கம்பின்னு சொல்றது உண்மையில சுவர்ல ஒரு மேடு, அவ்வளவுதான்.

இங்கதான் டீடெய்லிங்னு ஒரு தனிப் பைத்தியம் ஆரம்பிக்குது. அந்த மேட்டைக் கத்தியால சீவி எடுத்துடுவாங்க. ரெண்டு பக்கமும் 0.34 மில்லிமீட்டர் துளை போடுவாங்க. 0.3 மில்லிமீட்டர் கம்பியை 'ப' மாதிரி வளைச்சுச் சொருகி, உள்பக்கமா ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. (அதே சயனோஅக்ரிலேட் குடும்பத்துப் பசையைத்தான் நாங்க சின்னக் காயத்தை ஒட்டவும் பயன்படுத்துறோம்.) ஒரு பெட்டியை முடிக்க ஒரு ராத்திரி போயிடும். மூணடி தள்ளி நின்னு பார்த்தா வித்தியாசமே தெரியாது.

சீவுற கத்தி பத்தியும் ஒரு வரி. அங்க எல்லார் கையிலயும் இருக்கிறது எக்ஸ்-ஆக்டோ. அந்தக் கம்பெனி ஆரம்பத்துல மருத்துவச் சிரிஞ்ச் செய்யத் தொடங்கினது, அப்புறம் ஸ்கால்பெல். கைவினைக் கத்தியா மாறினதெல்லாம் பின்னாடி. அதை உருவாக்கினதுல பங்கு உள்ள டேனியல் க்ளூக்கோட மகள்தான் 2020-ல் இலக்கிய நோபல் வாங்கின கவிஞர் லூயிஸ் க்ளூக்.

சரி, மூணடியில தெரியாத ஒண்ணுக்கு ஏன் ஒரு ராத்திரி? நானும் இதையேதான் கேட்டேன். பதில் அமெரிக்கச் சட்டத்துல இருந்தது.

1911-ல் அந்த நாட்டு வணிக ஆணையம் சரக்குப் பெட்டிக் கைப்பிடிகளுக்கு அளவு நிர்ணயிச்சது. கம்பி குறைந்தது 5/8 அங்குலத் தடிமன். பிடிக்கிற நீளம் குறைந்தது 16 அங்குலம். சுவருக்கும் கம்பிக்கும் நடுவுல குறைந்தது 2 அங்குல இடைவெளி. எச்ஓ அளவுக்குக் குறைச்சா நீளம் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, இடைவெளி 0.6 மில்லிமீட்டர்.

அந்த 2 அங்குலம் எதுக்கு? கையுறை போட்ட நாலு விரல் உள்ளே போகணும், அதுக்கு. வார்ப்புல வந்த பெட்டியில அந்த இடைவெளி கிடையாது. அந்தக் கைப்பிடியை யாராலயும் பிடிக்க முடியாது. கத்தியால சீவி, கம்பி சொருகும்போது திரும்பக் கிடைக்கிறது அந்த இடைவெளிதான்.

இந்தச் சட்டம் சும்மா வரல. கொஞ்சம் பின்னாடி போவோம்.

19-ம் நூற்றாண்டுல அமெரிக்காவுல பெட்டிகளை இணைச்சது 'லிங்க் அண்ட் பின்' முறை. ஒரு பெட்டியின் முனையில நீள்வட்ட இரும்பு வளையம் நீட்டிக்கிட்டு இருக்கும். எதிர்ப் பெட்டி நகர்ந்து வரும். ரெண்டுக்கும் நடுவுல பிரேக்மேன் நிப்பார். வளையத்தைக் கையால தூக்கி, எதிர்ப் பெட்டியோட பொந்துக்குள்ள சரியா விட்டு, கையை எடுத்துட்டு, மேல இருந்து ஆணியைப் போடணும். கையை எடுக்க ஒரு நொடி தாமதமானா விரல் போச்சு. கால் தடுக்கினா ஆளே போச்சு. வேலை கேட்டு வர்றவன் கையில விரல் குறைஞ்சிருந்தா அனுபவசாலின்னு எடுத்துக்குவாங்கன்னு ரயில்காரங்க நடுவுல ஒரு பேச்சே இருந்தது.

மருத்துவரா ஒண்ணு சொல்லணும். வெட்டுப்பட்ட விரல் வேற, நசுங்கின விரல் வேற. வெட்டுன்னா ரத்தக்குழாயும் நரம்பும் ஓர் இடத்துலதான் அறுந்திருக்கும். நசுங்கினா அந்த நீளம் முழுக்க உள்ளே கூழ். பிரஸ் மெஷின்ல கையை விட்டுட்டு வர்ற தொழிலாளிகளைப் பார்த்த எந்த டாக்டருக்கும் இது தெரியும். இன்னைக்கு நுண் அறுவை வசதி இருந்தும் நசுங்கலைச் சரிபண்றது கஷ்டம். 1880-ல் என்ன செய்திருப்பாங்க? எடுத்துடுவாங்க. அவ்வளவு காயம் வந்ததால ரயில்வே சர்ஜன்னு ஒரு தனிக் கூட்டமே உருவாகி, 1888-ல் தேசிய அளவில் சங்கமும் வெச்சாங்க.

இத்தனைக்கும் தீர்வு ஏற்கனவே கையில இருந்தது. உள்நாட்டுப் போர்ல தோத்த தெற்குப் படையில மேஜரா இருந்து, அப்புறம் துணிக்கடையில வேலை பார்த்தவர் ஈலை ஜேனி. பேனாக்கத்தியால மரத்தைச் செதுக்கி ஒரு கொக்கி செஞ்சு பார்த்தார். 1873-ல் காப்புரிமை வாங்கினார். உங்க ரெண்டு கை விரல்களையும் வளைச்சு ஒண்ணோடொண்ணு கோத்துப் பாருங்க, அதுதான் அவர் கொக்கி. பெட்டிகள் மோதினா தானா பூட்டிக்கும். நடுவுல ஆள் வேண்டாம். நம்ம ஊர் எல்எச்பி பெட்டிகள்ல இப்ப இருக்கிற இணைப்பும் இந்த வம்சம்தான்.

அந்த மரக் கொக்கியும் ஒரு மாதிரிதான், கவனிச்சீங்களா?

காற்றுப் பிரேக்கும் அப்படித்தான். வெஸ்டிங்ஹவுஸ் 1869-லேயே கொண்டுவந்துட்டார். ஆனா சரக்கு வண்டிக்கு அதைப் போட கம்பெனிகள் அவசரப்படல. லட்சக்கணக்கான பெட்டிகளை மாத்தணும், செலவு. பிரேக்மேன் கிடைக்கிறது சுலபம். இப்படி எழுதவே கசப்பா இருக்கு, ஆனா அன்னைக்குக் கணக்கு அதுதான்.

இதை விடாம பிடிச்சுத் தொங்கினவர் லொரென்சோ காஃபின், அயோவா மாநிலத்து விவசாயி. 1870-களில் ஒரு ரயில் பயணத்துல, இணைப்பு போடும்போது ஒரு பிரேக்மேன் கையில மிச்சம் இருந்த விரல்களும் போனதைப் பார்த்தவர்னு அவரைப் பத்திச் சொல்வாங்க. அப்புறம் மாநில ரயில்வே கமிஷனரா ஆகி, கடிதம், கூட்டம், பத்திரிகைன்னு வருஷக்கணக்கா அலைஞ்சார். 1886, 87-ல் அயோவாவின் பர்லிங்டன்ல சரக்கு வண்டிப் பிரேக் சோதனைகள் நடந்துச்சு. 1889-ல் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன், ரயில் தொழிலாளி போர்வீரன் அளவுக்கு ஆபத்துல இருக்கிறது நாகரிகத்துக்கே அவமானம்னு காங்கிரசுக்கு எழுதினார். 1893 மார்ச் 2-ல் பாதுகாப்புச் சாதனச் சட்டம் கையெழுத்தாச்சு. தானியங்கி இணைப்பு, காற்றுப் பிரேக், பெட்டி முனைகளிலும் பக்கங்களிலும் கைப்பிடி, மூணும் கட்டாயம். 1898 வரை அவகாசம் கொடுத்து, அதையும் 1900 வரை நீட்டினாங்க. 1910-ல் ஒரு திருத்தச் சட்டம், அதைத் தொடர்ந்துதான் மேல சொன்ன 1911 அளவுகள்.

இப்ப மேசைக்குத் திரும்புவோம், ஏன்னா பொம்மை உலகத்துலயும் இதே கதை நடந்திருக்கு. ஆரம்ப காலத்துல ஒவ்வொரு கம்பெனி மாதிரிக்கும் ஒரு கொக்கி. ஒண்ணோடொண்ணு சேராது. 1935-ல் மில்வாக்கியில தேசிய மாதிரி ரயில் சங்கம் உருவானதுக்கே இந்த ஒத்துப்போகாத அளவுகள்தான் பெரிய காரணம். அப்புறம் ஓரிகனைச் சேர்ந்த கீத், டேல்னு இரட்டைச் சகோதரர்கள் ஜேனி கொக்கி மாதிரியே தோற்றம் உள்ள, தானா பூட்டிக்கிற கொக்கி செஞ்சாங்க. ரெண்டு பேர் முதலெழுத்தும் சேர்ந்து கேடீ. நிஜப் பெட்டியில கொக்கிப் பக்கத்துல காற்றுப் பிரேக் குழாய் தொங்கும். கேடீ கொக்கியில அதே இடத்துல வளைஞ்ச ஒரு இரும்புக் கம்பி. தண்டவாளத்துக்கு நடுவுல காந்தம் வெச்சா அது இழுபட்டுக் கொக்கி திறந்துக்கும். கை படவே வேண்டாம்.

கையால பெட்டியைத் தூக்கிப் பிரிக்கிறதுக்கு அங்க ஒரு நக்கல் பேர் உண்டு: 0-5-0 இன்ஜின். நீராவி இன்ஜின்களைச் சக்கர எண்ணிக்கையால 0-6-0, 2-8-2ன்னு வகைப்படுத்துவாங்க இல்லையா, இது அஞ்சு விரல் இன்ஜின். முதல் தடவை கேட்டப்ப சிரிச்சேன். லிங்க் அண்ட் பின் கதை தெரிஞ்ச பிறகு அந்த அஞ்சுங்கிற எண் வேற மாதிரி கேக்குது.

அடுத்தது கூரை. பழைய பாக்ஸ் கார் மாதிரியை மேல இருந்து பாருங்க, நடுவுல நீளமா ஒரு பலகைப் பாதை ஓடும். காற்றுப் பிரேக் வர்றதுக்கு முன்னாடி, டிரைவர் விசில் அடிச்சா பிரேக்மேன் ஓடுற வண்டியோட கூரை மேல பெட்டிக்குப் பெட்டி தாண்டி ஓடி, ஒவ்வொண்ணுலயும் சக்கரத்தைத் திருகிப் பிரேக் போடணும். ராத்திரி, மழை, பனி எதுவானாலும். தாழ்வான பாலம் வருதுன்னு தெரிய, அதுக்கு முன்னாடி தண்டவாளத்துக்குக் குறுக்கே கம்பம் கட்டிக் கயிறுகளைத் தொங்கவிட்டிருப்பாங்க. இருட்டுல முகத்துல கயிறு பட்டா உடனே படுத்துடணும். நல்ல மாதிரி அமைப்புகள்ல சுரங்கப்பாதைக்கு முன்னாடி இந்தக் கயிறு வரிசையையும் நூலால செஞ்சு வெச்சிருப்பாங்க. பார்க்கிறவங்க ஏதோ அலங்காரம்னு நினைப்பாங்க.

காற்றுப் பிரேக் வந்த பிறகும் கூரைப் பலகை பல பத்தாண்டு போகல. 1940-களில் மரம் போய் எஃகு வலைத்தட்டு வந்தது, அவ்வளவுதான். ஏணியும் கூரை வரைக்கும் இருந்தது. ஏணி இருந்தா ஏறத்தான் தோணும்.

1962 மே 23. பாஸ்டன் பக்கத்துல சோமர்வில். 12 வயசுப் பையன் ஒருத்தன் ஓடுற சரக்கு வண்டியில தொத்தி ஏறப் பார்த்தான். வலது கை தோளுக்குக் கீழே துண்டாகிப்போச்சு. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில ரொனால்ட் மால்ட் தலைமையிலான குழு அந்தக் கையைத் திரும்பப் பொருத்தினாங்க. முழுசாத் துண்டான ஒரு கை மனிதருக்கு வெற்றிகரமா ஒட்டப்பட்டது அதுதான் முதல் தடவை. மருத்துவம் படிக்கும்போது இந்த ஆபரேஷனைப் பத்திப் படிச்சிருக்கேன். அது ஒரு சரக்கு வண்டியில இருந்து ஆரம்பிச்சதுங்கிறது இந்த ரயில் கிறுக்கு பிடிச்ச பிறகுதான் மனசுல உறைச்சது.

அதுக்குச் சம்பந்தமில்லாம, தனிக் காரணங்களால, 1966-ல் இருந்து புதுப் பாக்ஸ் கார்கள் கூரைப் பலகை இல்லாம வர ஆரம்பிச்சது. பழைய பெட்டிகள்லயும் படிப்படியா கழட்டினாங்க, ஏணியைக் குட்டையாக்கினாங்க. அதனால மாதிரி செய்றவங்களுக்குக் கூரை ஒரு காலண்டர். 1955 காட்சின்னா பலகை இருக்கணும். 1985-னா பலகையைப் பிச்சு எடுத்து, ஏணியைப் பாதியில வெட்டி, துளைகளை அடைச்சு, கூரைக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்கணும்.

இன்ஜின்லயும் இதே கதை உண்டு. யார்டு இன்ஜினோட முன்னும் பின்னும், தண்டவாளத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு நீளப் பலகை இருக்கும், ஆள் நின்னுக்கிட்டுப் போக. வழுக்கினா நேரா சக்கரத்துக்குக் கீழே. 1970-களின் கடைசியில அதை நீக்கச் சொல்லிட்டாங்க. அதனால பிற்கால டீசல் இன்ஜின் மாதிரியை மேம்படுத்துறவர் முதல்ல அதை அறுத்து எடுத்துட்டு, மூலைகள்ல படி வைப்பார். முன்பக்கம் கொக்கியைத் திறக்கிற நீள நெம்புகோலைக் கம்பியில வளைச்சு வைப்பார். பெட்டிகளுக்கு நடுவுல போகாம, ஓரமா நின்னே கழட்டுறதுக்கான நெம்புகோல் அது. 1893 சட்டம் கேட்டது அதைத்தான்.

என் பெட்டிக்கு நான் எடுத்துக்கிட்ட வருஷம் 1975. கூரைப் பலகையை எடுத்தாச்சு. கைப்பிடிகள் முடிஞ்சுது. ஒண்ணு மட்டும் லேசா கோணல், சரிபண்ணலாமா விட்டுடலாமான்னு ரெண்டு நாளா யோசனை. விட்டுட்டேன், நிஜப் பெட்டிகள்லயும் வளைஞ்ச கம்பி நிறைய இருந்திருக்கும். மிச்சம் இருக்கிறது ஒரு சின்ன டெக்கல். பலகை கழட்டின பெட்டிகள்ல ஏணிப் பக்கம் எழுதியிருப்பாங்க: கூரை மேல் ஏறாதே, நடைபலகை இல்லை. எச்ஓ அளவுல அந்த எழுத்து ஒரு எறும்புத் தலை உயரம்கூட வராது. தையல் போடும்போது மாட்டுற லூப்பைப் போட்டுக்கிட்டு, தண்ணியில ஊறவெச்சு, டிவீசரால எடுத்து, ஏணிக்குப் பக்கத்துல நேரா வைக்கப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.