வலையொலி பிறந்த கதை



பெயரைக் கொண்டு பிறப்பை அறிய முயல்வோர் சில வேளைகளில் ஏமாந்துபோவதுண்டு. 'பாட்காஸ்ட்' என்னும் சொல்லும் அத்தகையதே. ஆப்பிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட 'ஐபாட்' என்னும் கையடக்க இசைக் கருவியின் பெயர் இச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே, அக்கருவியே இக்கலையை ஈன்றது என்று பலர் எண்ணுகின்றனர். 2022இல் ஐபாட் நிறுத்தப்பட்டது, பாட்காஸ்டோ நிற்கவில்லை. தமிழில் வலையொலி என வழங்கும் இதனை உண்மையில் ஈன்ற தாய் வலைப்பூ ஆகும். இந்த உறவை அறிந்தால்தான், உரிமமும் அலைவரிசையும் இன்றி ஒருவர் உலகத்தோடு பேசும் நிலை எவ்வாறு வந்தது என்பது விளங்கும்.

1994ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த ஜஸ்டின் ஹால் என்னும் மாணவர் தம் வாழ்க்கையைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கினார். பிறர் நாட்குறிப்பில் பூட்டி வைப்பதை அவர் ஊரறிய எழுதினார். 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர் இத்தகைய பக்கங்களை 'வெப்லாக்' என்று அழைத்தார். 'லாக்' என்னும் சொல் கப்பலில் நாள்தோறும் எழுதிவரும் குறிப்பேட்டையும் குறிக்கும். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அச்சொல்லை 'வீ பிளாக்' என்று விளையாட்டாகப் பிரித்தார். 'நாங்கள் பிளாக் செய்கிறோம்' என்பது அதன் பொருள். அந்த விளையாட்டே நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் இணையத்தில் எழுதுவதற்குக் கணினிக் குறியீடுகள் தெரிந்திருக்க வேண்டும். எழுதியதை வழங்கியில் ஏற்றவும் தெரிய வேண்டும். எனவே, எழுதியோர் பெரும்பாலும் கணினித் துறையினரே. 1999 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'பிளாகர்' என்னும் கருவியை வெளியிட்டது. எழுத வேண்டியதை எழுதி, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பக்கம் வெளியாகிவிடும். இதற்காக அவர்கள் நிறுவனம் தொடங்கவில்லை என்பது வேடிக்கை. அலுவலகப் பணிகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருளே அவர்கள் எண்ணம். பிளாகர் இடையில் வந்த பிள்ளை. 2001இன் தொடக்கத்தில் கையிருப்புக் கரைந்தது. ஊழியர்கள் விலகினர். நிறுவனர்களுள் ஒருவரான இவான் வில்லியம்ஸ் தனியொருவராக அதனைக் காத்துவந்தார். 2003 பிப்ரவரியில் கூகுள் அதனை வாங்கியது.

இப்புதிய எழுத்துக்கு வலிமை உண்டா என்ற ஐயத்தை 2002 டிசம்பர் போக்கியது. அமெரிக்க மேலவையில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்தவர் டிரென்ட் லாட். முதிய உறுப்பினர் ஒருவரின் நூறாவது பிறந்தநாள் விழாவில் அவர் பேசினார். அம்முதியவர் 1948இல் இனப் பிரிவினையை ஆதரித்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். அன்று அவர் வென்றிருந்தால் நாட்டுக்குப் பின்னாளில் இத்தனை சிக்கல்கள் வந்திரா என்பது லாட் பேச்சின் கருத்து. பெரும் பத்திரிகைகள் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜாஷ் மார்ஷல் போன்ற வலைப்பதிவர்கள் விடவில்லை. பழைய பேச்சுகளையும் தேடியெடுத்து நாள்தோறும் எழுதினர். டிசம்பர் 20ஆம் நாள் லாட் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். வலைப்பூக்களே அவரை வீழ்த்தின என்று சொல்வது சற்று மிகை. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றும் அச்செய்தியைத் தொடக்கத்திலேயே வெளியிட்டிருந்தது. ஆயினும், அணைய இருந்த நெருப்பை அணையாமல் காத்தவர்கள் வலைப்பதிவர்களே.

இனி, எழுத்து எவ்வாறு ஒலியாயிற்று என்பதைக் காண்போம். வலைப்பூக்கள் பெருகவே, எது புதிதாக வந்துள்ளது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது இயலாததாயிற்று. அதற்குத் தீர்வாக வந்தது செய்தியோடை. புதிய பதிவுகளின் தலைப்பும் முகவரியும் அடங்கிய ஒரு பட்டியலை வலைத்தளமே வெளியிடும். வாசகரின் கணினி அதனை அவ்வப்போது தானே சென்று பார்த்துவரும். வீட்டு வாசலுக்கு நாளிதழ் வருவதற்கு ஒப்பானது இது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1999 மார்ச்சில் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான இராமநாதன் குகா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது.

2000ஆம் ஆண்டில் ஆடம் கரி என்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. எம்டிவி தொலைக்காட்சியில் இசை நிகழ்ச்சிகளை வழங்கிப் புகழ்பெற்றவர் அவர். அன்றைய இணையம் ஆமை வேகத்தில் இயங்கியது. ஒரு பாட்டைக் கேட்கப் பொத்தானை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மனிதன் ஏன் காத்திருக்க வேண்டும், அவன் உறங்கும்போது கணினி விழித்திருக்கலாமே என்பது கரியின் கேள்வி. சொட்டுச் சொட்டாய் ஒழுகும் குழாயாயினும், இரவெல்லாம் வைத்தால் விடியலில் குடம் நிறைந்திருக்கும் அல்லவா! இக்கருத்தை அவர் டேவ் வைனர் என்னும் மென்பொருளாளரிடம் எடுத்துரைத்தார். வைனர் 1997 முதல் வலைப்பூ எழுதிவந்தவர். செய்தியோடையின் வளர்ச்சியிலும் பங்குகொண்டவர். கடித உறைக்குள் வேறொரு தாளையும் மடித்து வைக்கிறோமே, அதுபோலச் செய்தியோடையில் ஒலிக்கோப்பு ஒன்றை இணைக்கும் வழியை அவர் வகுத்தார். 2001 ஜனவரியில் 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் இசைக்குழுவின் பாடலை அவ்வாறு இணைத்துச் சோதித்தும் பார்த்தார். வழி பிறந்துவிட்டது. அவ்வழியே பேச வேண்டிய குரல்தான் இல்லை.

அந்தக் குரல் நம் வானொலித் துறையிலிருந்தே வந்தது. கிறிஸ்டோபர் லைடன் பாஸ்டன் நகரின் பொது வானொலியில் பெயர்பெற்ற உரையாடல் நிகழ்ச்சியை நடத்தியவர். நிகழ்ச்சியின் உரிமை யாருக்கு என்னும் பிணக்கில் 2001இல் நிலையத்தைவிட்டு நீங்கினார். நிலையம் இல்லாத ஒலிபரப்பாளர், நீரில்லாத மீனவர் என்றே அன்று எவரும் எண்ணியிருப்பர். 2003இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வைனரும் லைடனும் சேர்ந்தனர். அவ்வாண்டு ஜூலையில் லைடன் வைனரையே முதலில் பேட்டி கண்டார். தொடர்ந்து வலைப்பதிவர் பலரோடு உரையாடினார். அவ்வொலிப்பதிவுகள் வைனரின் செய்தியோடை வழியாகக் கேட்போரைச் சென்றடைந்தன. தொழில் தெரிந்த ஒரு வானொலியாளர், நிலையத்தின் துணையின்றி நேயர்களைத் தேடிச் சென்ற இந்த நிகழ்ச்சியையே வலையொலியின் மெய்யான தொடக்கமாக நான் கருதுகிறேன்.

பெயர் பிறகுதான் வந்தது. 2004 பிப்ரவரியில் இலண்டன் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் 'பாட்காஸ்டிங்' என்னும் சொல் இடம்பெற்றது. கட்டுரைக்கு இன்னும் ஒரு வரி தேவைப்பட்டதால் அதைச் சேர்த்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். அவ்வாண்டு ஆகஸ்டில் கரி தம் நாள்தோறும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். செய்தியோடையில் வரும் ஒலியைத் தானாகவே ஐபாடில் ஏற்றும் 'ஐபாடர்' என்னும் நிரலும் பரவியது. 2004 செப்டம்பர் 28ஆம் நாள் எழுத்தாளர் டாக் சேர்ல்ஸ் 'பாட்காஸ்ட்ஸ்' என்று கூகுளில் தேடியபோது கிடைத்தவை 24 முடிவுகளே. ஒன்பது மாதங்கள் கழிந்தன. 2005 ஜூன் 28ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளைச் சேர்த்தது. இரண்டே நாளில் பத்து இலட்சம் சந்தாக்கள் பதிவாயின என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஒருவரே பல நிகழ்ச்சிகளுக்குச் சந்தாதாரர் ஆகலாம் என்பதால், பத்து இலட்சம் பேர் என்று கொள்ளலாகாது.

ஆப்பிள் வைத்தது பெயர்ப்பட்டியல்தான். ஒலிக்கோப்புகள் பேசியவர்களின் இடத்திலேயே இருந்தன. அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைந்தவை. ஆகவே யார் ஒலிபரப்பலாம் என்பதை அரசுகள் உரிமம் வழியாக முடிவு செய்தன. செய்தியோடைக்கு அத்தகைய எல்லை இல்லை. பழைய விதி புதிய குரலை எவ்வாறு அளப்பது?

சிங்கப்பூரில் அக்கேள்வி 2006ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது எழுந்தது. தேர்தல் காலத்தில் கட்சிகள் அரசியல் வலையொலிகளை வெளியிட இடமில்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. 'மிஸ்டர் பிரௌன்' என்னும் பெயரில் எழுதிவந்த வலைப்பதிவர், அரசியலே இல்லாத நிகழ்ச்சி என்று பெயரிட்டு நகைச்சுவை வலையொலிகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில், பாக் சோர் மீ கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஈரல் வேண்டாம் என்று சொன்னதா இல்லையா என வாதிடுகின்றனர். வேட்பாளர் ஒருவர் படிவம் கொடுத்தாரா இல்லையா என்று அப்போது எழுந்திருந்த சர்ச்சையை நேயர்கள் உடனே புரிந்துகொண்டனர். கேட்டவர்கள் மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தனர். 2011ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் விதிகள் தளர்த்தப்பட்டன. தேர்தல் பிரசாரத்தில் வலையொலிக்கும் இடமளிக்கப்பட்டது.