மிச்சம் ஆற்றில் விலாங்கு ஏறும் கதை

மிச்சம் பகுதியிற் குடியிருக்கும் எம்மவரிற் பலர் நாள்தோறும் ஓர் ஆற்றைக் கடந்தே வேலைக்கும் பாடசாலைக்கும் கடைத்தெருவுக்கும் சென்று வருகின்றனர். கடப்பது ஆறு என்பதே பலருக்குத் தெரியாது. பாலத்தின் கீழே இடுப்பளவு நீர் பாய்ந்து செல்லும். சிலவேளை ஒரு கடைத் தள்ளுவண்டியும் அதிற் கிடக்கும். அதனை வாய்க்கால் என்றே நாமும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அதன் பெயர் வாண்டில். குறொய்டனிலும் கார்ஷோல்ரனிலும் சுண்ணக்கல் ஊற்றுகளிற் பிறந்து, மிச்சம், மோர்டன், மேர்ட்டன் ஊடாக ஓடி, வான்ஸ்வேர்த்தில் தேம்ஸ் நதியோடு கலக்கும் இதன் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் மட்டுமே. எனினும் இச்சிற்றாற்றின் வரலாற்றில் ஓர் அரசனும், ஒரு கடற்படைத் தளபதியும், ஒரு பெருங்கவிஞரும், ஆயிரக்கணக்கான அகதிகளும் இடம்பெறுகின்றனர். இவர்கள் எல்லோருக்கும் முன்னரே இங்கு வந்து சென்றுகொண்டிருந்தவை மீன்கள். அவற்றின் கதையையே இவ்வாரம் எழுத எண்ணினோம்.

மிச்சம் என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் எம்மவர் புன்னகைப்பது வழக்கம். எல்லாம் போய் எஞ்சியது இவ்வூர்தான் என்று பகிடியாகச் சொல்வாரும் உளர். பழைய ஆங்கிலத்தில் அப்பெயருக்குப் பெரிய குடியிருப்பு என்பதே பொருள். பெரிய குடியிருப்பு உண்டாவதற்குக் காரணமாய் இருந்தது இந்த ஆறு.

ஊற்றிலிருந்து தேம்ஸ் வரை வாண்டில் ஏறத்தாழ நூறு அடி இறங்குகிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு இறக்கம் என்பது ஆலைச் சக்கரத்துக்கு வாய்த்த வரம். நிலத்தடிச் சுண்ணக்கல்லிலிருந்து ஊறுவதால் கோடையிலும் நீர் வற்றுவது அரிது; மாரியிலும் இலகுவிற் பெருக்கெடாது. 1086ஆம் ஆண்டில் நோர்மன் அரசன் வில்லியம் எடுப்பித்த நிலக்கணக்குப் பதிவேட்டிலேயே இவ்வாற்றில் 13 ஆலைகள் குறிக்கப்பட்டுள்ளன. அன்று அவை மா அரைத்தன. பின்னர் மூக்குத்தூளும் செப்புத்தகடும் தோலும் எண்ணெயும் காகிதமும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆலை ஒவ்வொன்றுக்கும் நீரைத் தேக்கி உயர்த்த ஓர் அணை வேண்டும். எனவே சில நூறு யார் தூரத்துக்கு ஒன்றாக ஆறு படிப்படியாகத் துண்டாடப்பட்டது.

அணைகளுக்கும் மீனுக்கும் உள்ள பகை இங்கிலாந்தில் மிகப் பழையது. 1215இல் ஜோன் மன்னன் முத்திரையிட்ட மகா சாசனத்தை உரிமைகளின் தாய் என்று எமது மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். அதன் 33ஆவது பிரிவு, தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் இங்கிலாந்து முழுவதிலும் உள்ள மீன்பிடி அணைகள், கடற்கரையில் உள்ளவை தவிர, அகற்றப்படவேண்டும் என்று கூறுகிறது. வகுப்பறையில் நாம் அதனைத் தாண்டிச் சென்றுவிட்டோம். பரீட்சையில் வராத பிரிவு அது. படகுப் போக்குவரத்துக்கு அவ்வணைகள் இடையூறாய் இருந்தமையே அக்கட்டளைக்கு முதற்காரணம் என்பர். ஆயினும் ஆறு திறந்திருக்க வேண்டும் என்ற சொல் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சட்டமாக எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாற்றங்கரைக்கு ஒரு புதிய மக்கட் கூட்டம் வந்து சேர்ந்தது. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் 1685இல் நான்ற் பிரகடனத்தை இரத்துச் செய்து, புரட்டஸ்தாந்து மதத்தினரின் வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது, ஹியூகனோக்கள் என அழைக்கப்பட்ட அம்மக்கள் கடல் கடந்து தப்பினர். ஆங்கிலத்தில் அகதியைக் குறிக்கும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து அவர்களோடு வந்ததே. இன்று எமது கோவைகளின் மேல் எழுதப்படும் அச்சொல்லை முதன்முதல் சுமந்தவர்களில் ஒரு பகுதியினர் வான்ஸ்வேர்த்தில் தொப்பி செய்தும், வாண்டில் நீரிற் துணி வெளுத்தும் பிழைத்தனர் என்பதை எம்மவர் அறிந்திருத்தல் நன்று. அவர்களின் மயானம் வான்ஸ்வேர்த்தில் இன்னும் இருக்கிறது.

வெளுத்த துணியில் அச்சிடப்பட்டது என்ன? எமது பாட்டிமார் சீத்தை என்று சொன்ன அதே பூத்துணிதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த வண்ணச் சீத்தைமீது ஆங்கிலேயர் பித்துக்கொண்டனர். உள்ளூர் நெசவாளர் கிளர்ந்தெழவே 1700இலும் 1721இலும் பாராளுமன்றம் அதற்குத் தடைவிதித்தது. ஆனாலும் அச்சிடுந் தொழில் இங்கே ஊன்றிவிட்டது. மிச்சம், மேர்ட்டன் பகுதிகளில் ஆற்றங்கரைப் புல்வெளிகள் முழுவதும் துணி விரித்து வெயிலில் வெளுக்கப்பட்டது. சோழமண்டலச் சீத்தையின் சிவப்புக்கு ஆதாரமான சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டது என்பதையும், ஒல்லாந்தர் அதனை அரசின் தனியுரிமையாக வைத்திருந்தனர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். கவிஞரும் சமவுடைமைவாதியுமான வில்லியம் மொறிஸ் 1881இல் தமது சாயப்பட்டறையை மேர்ட்டன் அபிக்கு மாற்றியதற்கு, மஞ்சிட்டிச் சாயத்துக்கு இந்நீர் உகந்தது என்பதே காரணம். 1884இல் அவர் வரைந்த ஒரு துணிக்கோலத்துக்கு வாண்டில் என்றே பெயரிட்டார்.

அந்நாளில் மீன் இருந்ததா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நிறையவே இருந்தது. 1801இல் மேர்ட்டனில் வீடு வாங்கிய நெல்சன் தளபதி, வலக்கையை இழந்த பின்னரும் இங்கே தூண்டில் போட்டார். வீட்டுத் தோட்டத்தில் ஓடிய வாண்டில் கிளைக்கு, அவரது நைல் வெற்றியை எண்ணி, எம்மா ஹமில்ற்றன் நைல் என்று பெயர் சூட்டினார். காதலுக்குக் கண்மட்டுமல்ல, அளவுகோலும் இல்லை! பின்னர் 1868இல் பிரெடெரிக் ஹல்போர்ட் என்பவர் இங்கே ட்ரவுட் மீன் பிடிக்கத் தொடங்கினார். நீர்மேல் மிதக்கும் செயற்கைப் பூச்சியால் மீன்பிடிக்கும் கலையின் ஆசானாக இன்றும் அவர் மதிக்கப்படுகிறார்.

ட்ரவுட் மீன் ஆற்றின் ஒரு துண்டிலேயே ஒருவாறு வாழ்ந்துவிடும். அணையைவிட அதற்கு எமனாக வந்தது கழிவு. குறொய்டன் நகரம் பெருகியது. அதன் மலக்கழிவு ஆற்றில் விழுந்தது. தோல் ஆலைகளும் சாய ஆலைகளும் தம் பங்கைச் சேர்த்தன. ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது என்று ஊர் முதியோர் சொல்வர். 1930களுக்குள் ட்ரவுட் அற்றுப்போயிற்று. 1960களில் வாண்டில் ஒரு திறந்த சாக்கடை என்றே அதிகாரபூர்வமாக வகைப்படுத்தப்பட்டது. தேம்ஸின் நிலையும் அதுவே. 1957இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தேம்ஸ் நதி உயிரியல் ரீதியாக இறந்துவிட்டதென அறிவித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணப்படாத சல்மன் மீன் ஒன்று 1974இல் அங்கே மீண்டும் கிடைத்தபோது அது செய்தியாயிற்று.

இவ்விடத்திலேயே விலாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று பழமொழியில் நாம் அதனைப் பழித்திருக்கிறோம். ஆனால் அதன் வாழ்க்கையை அறிந்தால் பழிக்க மனம் வராது. அது சேற்றிலிருந்து தானாகப் பிறக்கிறது என்று அரிஸ்டோட்டில் எழுதினார். பின்னாளில் மனநோய் மருத்துவத்திற் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், மாணவனாய் இருந்த 1876இல், திரியெஸ்ற் நகரில் நானூறு விலாங்குகள் வரை அறுத்து ஆணின் விதையைத் தேடிக் களைத்துப்போனார். டென்மார்க்கைச் சேர்ந்த யொஹானஸ் ஸ்மித் 1904 தொடக்கம் அத்திலாந்திக் கடலைச் சல்லடை போட்டு, மிகச் சிறிய விலாங்குக் குஞ்சுகள் சர்க்காசோக் கடலிலேயே உள்ளன என்பதை 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அமெரிக்காவின் கிழக்கே, பாசிகள் மிதக்கும் வெதுவெதுப்பான கடல் அது. அங்கிருந்து அலரி இலை போன்ற வடிவில் நீரோட்டத்தோடு மிதந்து ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் வந்து, ஐரோப்பியக் கரையிற் கண்ணாடி போன்ற சிறு புழுவாக உருமாறி, ஆற்று வாயில் நுழைந்து மேலேறுகிறது. ஆற்றில் பத்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்தபின், ஒரு இலையுதிர்கால இருட்டில், வயிறு வெள்ளியாகி, இரைப்பை சுருங்கி, உண்ணாமலே கடலுக்குத் திரும்புகிறது. முட்டையிட்டதும் இறந்துவிடுகிறது. அவை சர்க்காசோவை உண்மையில் அடைவதை, செய்மதிக் கருவி பொருத்தி அசோர்ஸ் தீவுகளிலிருந்து பின்தொடர்ந்து, 2022இற்றான் நிறுவினார்கள்.

இதனை அகதி வாழ்வோடு ஒப்பிட்டு உருகுவோர் எம்மிடையே உண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. விலாங்கை எவரும் துரத்தவில்லை. அது வருவதும் போவதும் அதன் இயல்பு. துரத்தப்பட்டவர்களின் கதை வேறு. ஆனால் ஒன்றில் மட்டும் ஒற்றுமை இருக்கிறது: வழியில் ஒரே ஒரு கதவு அடைபட்டாலும் பயணம் முழுவதும் வீணாகிவிடும்.

ஐயாயிரம் கிலோமீற்றர் நீந்தி வந்த விரல்நீளக் குஞ்சு, ஆள் உயரங்கூட இல்லாத ஒரு சீமெந்து அணையின் முன் நின்றுவிடுகிறது. அதனால் துள்ள முடியாது. பாசி படிந்த ஈரச்சுவரில் ஊர்ந்து ஏற முடியும். வழுக்கும் சீமெந்திலும் இரும்புக் கதவிலும் முடியாது. சக்கரம் சுழன்ற காலத்திலாவது மதகுகள் திறந்து மூடப்பட்டன. ஆலைகள் போய்விட்டன, அணைகள் மாத்திரம் பயனற்று நிற்கின்றன. இதனோடு கடல் நீரோட்ட மாற்றம், ஒட்டுண்ணிப் புழு, அளவுமீறிய பிடிப்பு என்பனவும் சேர, ஐரோப்பியக் கரைக்கு வரும் குஞ்சுகளின் தொகை 1980களின் பின் தொண்ணூறு வீதத்துக்கு மேல் வீழ்ந்துவிட்டது. அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் 2008இல் அது சேர்க்கப்பட்டது. கிழக்கு இலண்டன் ஏழைகளின் அன்றாட உணவாய், கூழாக உறையவைத்து விற்கப்பட்ட விலாங்கின் கதி இது.

எமது நாட்டிலும் இதே கதைதான். வன்னிக் குளங்களில் நாம் கண்ட விலாங்கும் இந்து சமுத்திரத்திற் பிறந்து ஆறேறி வந்ததே. கனகராயன் ஆறு சுண்டிக்குளக் கடனீரேரியில் விழுகிறது; இடையில் இரணைமடு நிற்கிறது. மாரியில் வான் பாயும்போது கீழே கரப்போடு காத்திருந்தவர்களுக்கு, மேலேற முடியாத மீன்களே அகப்பட்டன என்று அப்போது நாம் சிந்தித்ததில்லை. குளமின்றி வயலில்லை, வயலின்றி எமக்குச் சோறில்லை. ஆகையால் அணை கட்டியவரைக் குறைகூற நாம் வரவில்லை. தமிழகத்திலும் 1836இல் ஆர்தர் கொற்றன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழுப்பினார். கடலிலிருந்து காவிரி ஏறி முட்டையிடும் உல்லம் மீன் தடைப்பட்டது. மீன் செல்ல வழியின்றி அணைகள் கட்டப்படுவதை 1873இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் பிரான்சிஸ் டே கண்டித்தார். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதற்கு மேல் உல்லம் என்பது பெயரளவிலேயே எஞ்சியது. 1975இல் பரக்கா அணை கங்கையில் அதனையே செய்தது.

வாண்டிலுக்குத் திரும்புவோம். 2000ஆம் ஆண்டையொட்டி, தூண்டிற்காரர் சிலரும் ஊரவரும் கூடி ஆற்றிலிருந்து தள்ளுவண்டிகளையும் மெத்தைகளையும் இழுத்தெடுக்கத் தொடங்கினர். அதிலிருந்து வாண்டில் அறக்கட்டளை உருவாயிற்று. பாடசாலை வகுப்பறைகளிற் குளிர்நீர்த் தொட்டி வைத்து, ட்ரவுட் முட்டைகளைப் பிள்ளைகளே பொரிக்கச் செய்து ஆற்றில் விட்டனர். எம்மவர் பிள்ளைகளும் பயிலும் பகுதிகள் இவை. 2007 செப்ரெம்பரில் பெடிங்ரன் கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளுக்கும் இரசாயனம் ஆற்றில் கலந்து ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரேநாளில் மிதந்தன. மனந்தளராது மீண்டுந் தொடங்கினர். கார்ஷோல்ரனில் அணைகள் தாழ்த்தப்பட்டன. பட்டர் ஹில் ஆலையருகே மீன் ஏறும் வழி அமைக்கப்பட்டது. ட்ரவுட் மீண்டும் தானாகவே முட்டையிடத் தொடங்கியது. 2025 பெப்ரவரியில் டீசல் எண்ணெய் கலந்தபோதும் பறவைகளைக் கழுவிக் காப்பாற்ற அயலவரே ஓடிவந்தனர். ஒருமுறை இறந்த ஆறு எப்போதும் இன்னொரு குழாயின் தயவிலேயே ஓடுகிறது.

விலாங்குக்கு உதவி சட்டத்தினூடாக வந்தது. 2009இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, அணைக்கு உரியவர் விலாங்கு செல்ல வழி அமைக்குமாறு கட்டளையிடப்படலாம். வழி என்பது பெரிய வேலையன்று: தும்புத்தடி போன்ற மயிர்கள் பதித்த ஒரு சாய்வுத் தொட்டி, மேலிருந்து சொட்டும் நீர், அவ்வளவே. மயிர்களுக்கிடையே உடலை வளைத்து வளைத்துக் குஞ்சு ஏறிவிடும். எம்மவரிற் தூண்டில் போடும் பழக்கமுள்ளோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும்: 13 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு அனுமதிப்பத்திரம் அவசியம், விலாங்கு அகப்பட்டால், ஊர்க் குழம்பின் நினைவு எவ்வளவு வந்தாலும், உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பதே இங்குள்ள விதி.

இலண்டன் விலங்கியற் சங்கம் 2005 முதல் தேம்ஸிலும் அதன் கிளையாறுகளிலும் மேலேறும் குஞ்சுகளைக் கணக்கெடுத்து வருகிறது. வாண்டிலில் இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஊர்த் தொண்டர்கள். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை, சாய்வுத் தொட்டியின் மேல்முனையில் ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. அதனைத் திறந்து, குஞ்சு இருந்தால் அளவுகோலில் வைத்து நீளம் குறித்து, அணையின் மேற்பக்கத்து நீரில் விடுகிறார்கள். பல நாட்களிற் பெட்டி வெறுமையாகவே இருக்கும். அதனையும் பூச்சியம் என்று கொப்பியில் எழுதுகிறார்கள்.