லீவு இல்லாத பிறந்தநாள்

பிப்ரவரி மூணாவது திங்கட்கிழமை எனக்கு அமெரிக்க கிளையன்ட் கால் இருக்காது. அங்க பிரசிடென்ட்ஸ் டே லீவு. மத்திய சட்டத்துல அதோட பேரு இன்னமும் வாஷிங்டன் பிறந்தநாள்தான். அவர் பிறந்தது பிப்ரவரி 22. லாங் வீக்கெண்டுக்காக 1971-லிருந்து லீவைத் திங்கட்கிழமைக்கு மாத்திட்டாங்க. மூணாவது திங்கள் 21-ஐத் தாண்டவே தாண்டாது. ஆக, பிறந்தநாள் லீவு பிறந்தநாள்ல வரவே வராது!

நம்ம கதை வேற. 1888 செப்டம்பர் 5-ல திருத்தணியில, தெலுங்கு பேசுற குடும்பத்துல பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1962-ல குடியரசுத் தலைவர் ஆனார். அந்த வருஷத்திலிருந்து அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினம். தேதி நகரல, லீவும் கிடையாது.

நகர்ந்தது அவர் ஊர். 1952-ல அவர் துணைக் குடியரசுத் தலைவர் ஆனப்போ, திருத்தணி சென்னை மாநிலத்துல இருந்துச்சு. 1953 அக்டோபர் 1-ல சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து ஆந்திராவுக்குப் போச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தினாங்க; பலர் சிறைக்குப் போனாங்க. 1959-ல நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1-ல ஊர் திரும்பி வந்துச்சு. அப்பவும் அவர் அதே பதவியிலதான் இருந்தார்.

செப்டம்பர் 5-ல எல்லா ஸ்கூல்லயும் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுறோம். அவர் பிறந்த ஊருக்காக ஜெயிலுக்குப் போனவங்க பேரை எந்த டீச்சரும் எனக்குச் சொன்னதில்ல. திருத்தணியில 365 படி ஏறினா, அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.