மொனாக்கோவின் வீதிப் பந்தயம்

என் பேரன் மொனாக்கோ மோட்டார்ப் பந்தயத்தைக் காணப் பயணத் திட்டம் வகுத்து வருகிறான். பிரான்சின் நீஸ் நகரில் தங்கி, அங்கிருந்து ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம் என்பது அவன் கணக்கு. பந்தய நாள்களில் மொனாக்கோ விடுதிகளின் வாடகை ஓய்வூதியக்காரர் காதில் விழத் தகாதது!

சுமார் 2 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அச்சிற்றரசில் இப்பந்தயம் பிறந்தது ஏன்? தன்னைத் தேசியச் சங்கமாக ஏற்குமாறு அங்குள்ள மோட்டார்ச் சங்கம் சர்வதேச அமைப்பை வேண்டிற்று. சொந்த மண்ணில் பந்தயம் நடத்தாத சங்கத்துக்கு அத்தகுதி இல்லை என்று விடை வந்தது. அது நடத்திவந்த மான்டி கார்லோ நெடுவழிப் போட்டியோ பிற நாட்டுச் சாலைகளில் நிகழ்வது. தனித் திடலுக்கு இடமேது? ஆன்டனி நோகேஸ் என்பவர் நகர வீதிகளையே தேர்ந்தார். மேடும் சரிவும் துறைமுகக் கரையுமாக 3.18 கிலோமீட்டர்ச் சுற்று. முதற்பந்தயத்தில் அதனை நூறு முறை வலம் வரவேண்டியிருந்தது.

1929 ஏப்ரல் 14-இல் பச்சை நிறப் புகாட்டியை ஓட்டி வென்றவர் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ். ஆங்கிலேயத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்த அவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் பிரிட்டனுக்காக இரகசியப் பணி புரிந்தார். 1943-இல் பிடிபட்டுப் பின்னர்க் கொல்லப்பட்டார்.

செயின்ட் தேவோட் முனையில் அவர் வண்டியோடு வீற்றிருக்கும் சிலை உண்டு. பந்தய நேரத்தில் அவ்விடத்தை அடைத்துவிடுவர். ஆகவே, மறுநாளும் தங்குமாறு பேரனுக்கு எழுதி, அவ்வோர் இரவின் வாடகையை என் பங்காக அனுப்பியிருக்கிறேன்.