மரக்கூழ்த் தாளில் ஒரு முதற்பாடம்

விண்வெளிப் போர்க்கதைகளுக்கு 'ஸ்பேஸ் ஆபரா' என்னும் பெயரை 1941ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் வில்சன் டக்கர் ஏளனமாகவே சூட்டினார். அதனைப் பொருட்படுத்தாது, அக்கதைகள் வெளிவந்த இதழ்களைச் சேர்த்து வைத்த வாசகர் உளர். அது வீண்வேலையன்று.

எட்வர்டு எல்மர் ஸ்மித்தின் 'டிரைபிளானட்டரி' 1934இல் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழில் தொடராக வந்தது. 1948இல் ஃபேன்டசி பிரஸ் அதனை நூலாக்கியபோது, ஆசிரியர் முன்பகுதியில் புதிய இயல்களைச் சேர்த்து, தாம் 1937இல் தொடங்கிய 'லென்ஸ்மன்' கதைவரிசைக்குத் தோற்றுவாயாக அதனை மாற்றியமைத்தார். நூலை மட்டும் கற்றவர், அப்பெருந்திட்டம் முதலிலேயே உருவானதென எண்ணுவர். பழைய இதழை மீண்டும் படிப்பவருக்கோ அதன் சுவடே தென்படாது. ஏடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்ட தமிழாசிரியர்க்கு இது புதிதன்று.

அவ்விதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. தாளிலுள்ள அமிலத்தால் பழுத்து, புரட்டும்போதே நொறுங்குகின்றன.