கொழுப்பை யாரும் அளக்கவில்லை

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இயந்திரம் அச்சடித்துத் தரும் சீட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். உடற்கொழுப்பு 27.3 சதவீதம். தசமதானம் வரைக்கும்! அந்த இயந்திரம் மின்னோட்டத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆனால் உயிரோடிருக்கும் மனிதனின் கொழுப்பை வெளியிலிருந்தே கணித்துவிடும் ஆசை அதைவிடப் பழையது. அதில் ஒரு அத்தியாயம் கதிர்வீச்சோடு சம்பந்தப்பட்டது. வழு என்றால் என்ன என்று படிப்பிக்க இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

70 கிலோ எடையுள்ள ஒரு ஆணின் உடம்பில் ஏறத்தாழ 140 கிராம் பொற்றாசியம் இருக்கும். இயற்கையிலுள்ள பொற்றாசியத்தில் 0.0117 சதவீதம் கதிரியக்கமுள்ள பொற்றாசியம்-40. ஆகவே நம் ஒவ்வொருவருக்குள்ளும் செக்கனுக்கு 4,000க்கு மேற்பட்ட அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. பத்தில் ஒன்று மட்டும் 1.46 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள காமாக் கதிரை வெளிவிடும். பொற்றாசியம் பெரும்பாலும் கலங்களுக்குள்ளேதான் இருக்கிறது, கொழுப்பில் அநேகமாக இல்லை. எனவே காமாக் கதிர்களை எண்ணினால் பொற்றாசியம் தெரியும். அதை ஒரு மாறிலியால் வகுத்தால் கொழுப்பற்ற உடலின் திணிவு வரும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு.

மிஞ்சுவது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

1951இல் சுவீடனில் ரொல்ஃப் சீவர்ட் மனித உடம்பிலிருந்து வரும் காமாவை அளந்து வெளியிட்டார் (கதிர்வீச்சு அலகுக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான்). 1953இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸில் ரெய்ன்ஸும் கோவனும் நியூத்திரினோவைத் தேடுவதற்காகப் பிரமாண்டமான தொட்டியொன்றில், கதிர் பட்டால் பளிச்சிடும் திரவத்தை நிரப்பி வைத்திருந்தார்கள். அதே கருவிக்குள் ஆளை உட்கார வைத்தால் என்ன என்று யோசித்து, அதையும் செய்து பார்த்தார்கள். பிற்பாடு அங்கேயே அன்டர்சனும் லங்ஹமும் ஏராளமானோரை அளந்து, வயதோடு பொற்றாசியம் எப்படி மாறுகிறது என்று 1959இல் எழுதினார்கள். 1961இல் குழந்தை மருத்துவரான கில்பர்ட் ஃபோர்ப்ஸும் கூட்டாளிகளும் பொற்றாசியம்-40இலிருந்து கொழுப்பைக் கணிக்கும் வழியை வெளியிட்டார்கள்.

முதல் வில்லங்கம் அறைதான். சுவரிலுள்ள யுரேனியம், தோரியம், வானிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் எல்லாம் சேர்ந்து மனிதனின் மெல்லிய சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். தடித்த உருக்கால் அறை கட்டலாம் என்றால், 1945க்குப் பிறகு வார்த்த உருக்கிலேயே கதிரியக்கம் கலந்திருந்தது. உலைக்குள் ஊதும் காற்றில் அணுகுண்டுத் தூசி. உலைச் சுவரின் தேய்மானத்தை அறிய வைத்த கோபால்ற்று-60 வேறு. அதன் காமாக்கள் 1.17, 1.33. நம் 1.46க்குப் பக்கத்து வீடு! ஆகவே பழைய போர்க்கப்பல்களின் உருக்குக்குக் கிராக்கி வந்தது. 1919 ஜூன் 21இல் ஸ்கொட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் ஜேர்மன் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. 52 கப்பல்கள் அடிக்குப் போயின. அந்த இரும்பில் ஒரு பங்கு நுண்கருவிகளைச் சுற்றி அரணாக நின்றது.

அடுத்தது ரேடன். அதன் வழித்தோன்றல்கள் முடியிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். அவற்றுள் பிஸ்மத்-214 வெளிவிடும் 1.76 காமா, சக்தியில் கொஞ்சத்தை இழந்தால் பொற்றாசியமாகவே கணக்கில் விழும். அதனால்தான் ஆளைத் தலை முழுக வைத்து உடுப்பை மாற்றி உள்ளே அனுப்பினார்கள். 1956இல் மில்லரும் மரினெல்லியும் மனித உடம்பில் சீசியம்-137 இருப்பதை அறிவித்தார்கள். குண்டுப் பரிசோதனைகளின் மிச்சம் அது. சீசியம் பொற்றாசியத்தின் இரசாயன உறவுக்காரன், தசைக்குள்ளேயே போய்க் குடியேறும். திரவக் கருவிகளுக்கு ஒரு சக்தியை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் திறன் குறைவு என்பதால் இரண்டும் கலந்துவிடும்.

இவையெல்லாம் கழுவியும் கழித்தும் சரிக்கட்டக்கூடியவை. உடம்பே போடும் திரை அப்படியல்ல. சுமார் 12 சென்ரிமீற்றர் நீர் இந்தக் காமாவில் பாதியைத் தடுத்துவிடும். பருத்தவரின் உள்ளிருந்து வரும் கதிர் அவருடைய உடம்பிலேயே கூடுதலாகத் தொலைகிறது. குறைவாக எண்ணினால் பொற்றாசியம் குறையும், கொழுப்பற்ற பங்கு குறையும், கொழுப்பு கூடும். ஆக இயந்திரம் குண்டானவரை இன்னும் குண்டாகவே காட்டும். இது எழுமாற்று வழு அல்ல, முறைமை வழு. ஆயிரம் தடவை அளந்தாலும் போகாது. அரைவாழ்வுக்காலம் 12.4 மணித்தியாலங்களேயான பொற்றாசியம்-42ஐ அளவறிந்து குடிக்கக் கொடுத்து, அதில் எவ்வளவை இயந்திரம் பிடிக்கிறது என்று பார்த்துத் திருத்தினார்கள். பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் நிரப்பிய போத்தல்களை மனித வடிவில் அடுக்கியும் பார்த்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு எண்ணிக்கையைச் சரியாக்கிய பிறகும் கடைசி வழு கருவியில் இருக்கவில்லை. வகுக்கும் எண்ணில் இருந்தது. கொழுப்பற்ற உடலில் கிலோவுக்கு 68.1 மில்லிமூல் பொற்றாசியம் என்றார் ஃபோர்ப்ஸ். விரல்விட்டு எண்ணக்கூடிய சடலங்களின் இரசாயனப் பகுப்பிலிருந்து வந்த எண் அது. பிறகு பெண்களுக்கு 64.2 என்ற எண் புழக்கத்துக்கு வந்தது. கணக்குப் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ள பெண்ணிடம் 2,500 மில்லிமூல் என வைப்போம். 68.1ஆல் வகுத்தால் கொழுப்பு 23.3 கிலோ. 64.2ஆல் வகுத்தால் 21.1. எண்ணியது அதே காமாக்களைத்தான், ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம். முதுமையில் தசை வற்றும்போதும், பருத்த உடம்பில் கலத்துக்கு வெளியே நீர் கூடும்போதும் மாறிலி மாறிலியாக இருப்பதில்லை.

இப்போது அந்த 'மிஞ்சுவது'. 60 கிலோ ஆளிடம் கொழுப்பற்ற பங்கு 50, கொழுப்பு 10. ஐம்பதில் 4 சதவீத வழு என்றால் 2 கிலோ, பரவாயில்லை என்று தோன்றும். அதே 2 கிலோ கொழுப்பின் தலையில் விழும்போது 20 சதவீதம்! கழித்து எடுக்கும் எந்தக் கணியத்துக்கும் இதே கதிதான் என்று உயர்தர மாணவர்களுக்குச் சொல்வேன். ஜிம் சீட்டின் எண்ணும் கழித்து வந்ததே.

பிரான்சிஸ் மூர் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் குழுவினரும் 1963இல் வெளியிட்ட நூலில் வேறொரு பாதை இருந்தது. பொற்றாசியம் கலங்களுக்குள் இருப்பதால் அதை வைத்து உயிருள்ள கலங்களின் திணிவைச் சொல்வோம் என்றார்கள். நோயாளி தேறுகிறாரா, கரைகிறாரா என்று அறிய அவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.